வியாழனின் காதலர்கள், யுரேனஸின் நாடகப் பாத்திரங்கள்

வியாழனின் நான்கு பெரிய நிலாக்களை 1610-ல் கண்ட கலிலியோ, அவற்றுக்கு இத்தாலியின் ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்தின் பெயரைத்தான் சூட்டினார். அது எடுபடவில்லை. 1614-ல் ஜெர்மன் வானியலாளர் சைமன் மாரியஸ் அச்சிட்ட அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ என்ற பெயர்களே நிலைத்தன. நால்வரும் கிரேக்கக் கடவுள் சீயஸின் ஆசைக்கு ஆளானவர்கள். ரோமானியர்களுக்கு அவர்தான் ஜூபிடர், அதாவது வியாழன்.

இதில் கலிஸ்டோவின் பாடுதான் பெரும்பாடு. கரடியாக மாற்றப்பட்டு, கடைசியில் பெருங்கரடி மண்டலமாக வானத்தில் வைக்கப்பட்டாள். நாம் சப்தரிஷி என்று கைகாட்டும் ஏழு நட்சத்திரங்களும் அந்தக் கரடியின் உடம்பிலும் வாலிலும்தான் இருக்கின்றன. ஆக, ஒரே பெண்ணுக்கு வானத்தில் இரண்டு இடம். 2016-ல் வியாழனைச் சுற்றத் தொடங்கிய விண்கலத்தின் பெயர் ஜூனோ, ஜூபிடரின் மனைவி. வேவு பார்க்க வேறு யாரை அனுப்புவார்கள்!

யுரேனஸ் பக்கம் வேறு கதை. கோளுக்குக் கிரேக்க வானக் கடவுளின் பெயர். நிலாக்களுக்கோ 1852-ல் இலக்கியப் பெயர்கள். டைட்டானியாவும் ஓபரானும் ஷேக்ஸ்பியரிடமிருந்து, அம்ப்ரியல் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பிடமிருந்து. ஆனால் டைட்டானியா என்ற பெயர் பண்டைய ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய 'மெட்டமார்ஃபசிஸ்' காவியத்திலேயே வருகிறது; அங்கே அது டயானா தேவியைக் குறிக்கும். புராணம் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துவிட்டது.

சரி, இந்த இரண்டு பெயர்சூட்டு முறைகளில் எது மேல்? கதைச் சுவைக்கு வியாழன்தான். ஆனால் புதுப்புது நிலாக்கள் கிடைக்கக் கிடைக்க, காதலர் பட்டியல் போதாமல் சீயஸின் வாரிசுகளையும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஷேக்ஸ்பியரிடம் இன்னும் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.