வெந்நீர்க் கோப்பையின் மேல் ஓடும் ஸ்டர்லிங் எந்திரம்: ஒரு மதிப்புரை

ஒரு வாயு செய்த வேலை எத்தனை ஜூல் என்று கணக்குப் போடுகிற நாம், அதை எத்தனை வினாடியில் செய்தது என்று கேட்பது அபூர்வம். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடித்தான் இந்த மேசை மாதிரியை வாங்கினேன். இராபர்ட் ஸ்டர்லிங் 1816-இல் காப்புரிமை பெற்ற அதே தத்துவம்தான்: அடைபட்ட காற்று அடித்தட்டில் சூடேறி விரிகிறது, மேல்தட்டில் குளிர்ந்து சுருங்குகிறது, இடையில் பிஸ்டனைத் தள்ளிவிடுகிறது.

90 டிகிரி வெந்நீரின் மேல் வைத்து, சக்கரத்தை விரலால் ஒருமுறை சுண்டியதும் ஓடத் தொடங்கியது. அச்சில் நூல் சுற்றி 2 கிராம் எடையைத் தொங்கவிட்டேன், 25 செ.மீ. உயர 10 வினாடி ஆயிற்று, அதாவது திறன் (வினாடிக்குச் செய்யும் வேலை) ஏறக்குறைய அரை மில்லிவாட். எடையை 4 கிராமாக்கியபோது வேலை இரட்டிப்பானது, ஆனால் 30 வினாடி பிடித்ததால் திறன் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 6 கிராமுக்கு எந்திரம் நின்றே போனது. மீமெது நிகழ்வில், அதாவது மிக மிக மெதுவாக நடக்கும் மாற்றத்தில், பயனுறுதிறன் (தந்த வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு) உச்சத்தைத் தொடும், திறனோ சுழியாகும் என்று புத்தகத்தில் படித்தபோது ஏதோ வார்த்தை விளையாட்டாகத் தோன்றியது. 4 கிராமை இழுத்துக்கொண்டு தள்ளாடும் சக்கரத்தைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

அறை வெப்பநிலை 30 டிகிரி என்றால், கார்னோ வரம்பின்படி (இரு வெப்பநிலைகளுக்கிடையே ஓடும் எந்த வெப்ப எந்திரமும் மிஞ்ச முடியாத எல்லை) பயனுறுதிறன் சுமார் 16.5 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. இந்த எந்திரம் அதன் அருகில்கூடப் போகவில்லை. கோப்பையிலிருந்த 200 கிராம் நீர் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஆறியது. அது சுமார் 14 வாட் வெப்பம்; எந்திரம் தந்ததோ அரை மில்லிவாட். அதில் பெரும்பகுதி கோப்பையின் பக்கங்கள் வழியே வீணானது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குறைகளும் உண்டு. கால்மணி நேரத்தில் மேல்தட்டும் சூடாகி வேகம் விழுகிறது; ஒரு பனிக்கட்டியை வைத்தால் மீண்டும் துள்ளுகிறது. எடை தூக்க ஒரு கப்பியாவது தந்திருக்கலாம். உடன் வந்த விளக்கத்தாள் திறனை ‘வினாடிக்கு இத்தனை வாட்’ என்கிறது. வாட் என்பதே வினாடிக்கு ஒரு ஜூல் என்றிருக்க, இந்தப் பிழையை மாணவர் கையில் எப்படிக் கொடுப்பது? நான் அந்தத் தாளை எடுத்துவிட்டு, எந்திரத்தோடு நூலையும் நிறுத்துகடிகாரத்தையும் மட்டுமே வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.