நத்தைக்கு அயர்ன் பாஸ்பேட் குருணை: பொறுத்தால் பலன் உண்டு

நத்தை செத்துக் கிடப்பதைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தக் குருணை ஏமாற்றம்தான். தின்ற நத்தை இலையைக் கடிப்பதை விட்டுவிடும். எங்கேயாவது ஒளிந்து 3 முதல் 6 நாளில் சாகும். நாற்றில் புது ஓட்டை விழாததே அடையாளம்.

சதுர மீட்டருக்கு 5 கிராம் போதும். குவியலாகக் கொட்டாதீர்கள், மொத்தமாகத் தின்றால் நாய்க்கும் கெடுதல். மாலையில் மண்ணை நனைத்துவிட்டுத் தூவுங்கள். காய்ந்த மண்ணில் நத்தை வெளியே வராது.

எங்கே தூவுவது? காலையில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். அடிவிளிம்பில் வெள்ளிக்கோடாய்ச் சளித்தடம், ஈரமண்ணில் முத்துமுத்தாய் முட்டைகள் தெரிந்தால், அங்கேதான் தூவ வேண்டும். முட்டையை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. கையுறை போட்டுப் பொறுக்கி நசுக்க வேண்டும். 2 வாரம் கழித்து மறுபடி தூவுங்கள்.

மெட்டால்டிஹைடு என்ற இன்னொரு நத்தை மருந்து வேகமாகக் கொல்லும்தான், ஆனால் நாய், பூனை தின்றால் உயிருக்கே ஆபத்து. அவை திரியும் தோட்டத்தில் அது வேண்டவே வேண்டாம்.