அல்கொன்குவின் வள்ள வாடகைக் கடை: கடைசி நாளை வைத்து ஒரு கணிப்பு

ஓகஸ்ட் கடைசியில் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து நாங்கள் நான்கு சிநேகிதர்கள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள அல்கொன்குவின் பூங்காவுக்குப் போய், காட்டுக்குள் மூன்று இரவு கூடாரம் அடித்துத் தங்கினோம். இரண்டு வள்ளம், துடுப்புகள், உயிர்காப்பு அங்கிகள், உணவுப் பீப்பா எல்லாம் ஒரே வாடகைக் கடையில் எடுத்தவை. எடுக்கும் நாளில் எல்லாக் கடையும் சிரித்த முகம்தான். அதனால் திருப்பிக் கொடுத்த நாளைப் பற்றி எழுதுகிறேன்.

அன்று காலை ரீப்பி ஏரியில் லூன் பறவையின் கூவலோடு எழும்பினோம். மிஞ்சிய புட்டும் நெத்தலிச் சம்பலும், பிளேன்ரீயும். உள்காட்டுக்குள் ரின்னும் போத்தலும் தடை என்று சொல்லி, புறப்படும்போதே எங்கள் மீன்ரின்களைக் காரில் வைக்கச் செய்தவர் கடையில் நின்ற இளைஞர். அப்போது எரிச்சலாக இருந்தது. நான்கு நாள் குப்பை ஒரு சின்னப் பைக்குள் அடங்கியதைப் பார்த்ததும் அவரை மனதார வாழ்த்தினேன். நெருப்புக் குழியில் தண்ணீர் ஊற்றி, சாம்பலில் கை வைத்துச் சூடு இல்லை என்று பார்த்துவிட்டு வெளிக்கிட்டோம்.

ஜோ ஏரிக்கும் கனூ ஏரிக்கும் நடுவே ஓர் அணை. அங்கே 295 மீற்றர் வள்ளத்தைத் தோளில் சுமக்க வேண்டும். எங்களுடையது கெவ்லார் என்ற பாரம் குறைந்த, உறுதியான இழையில் செய்த 17 அடி வள்ளம், 20 கிலோ அளவுதான். ஆனால் தோளில் தாங்கும் குறுக்குக் கட்டையின் ஒரு பக்கத் திருகாணி கழன்று, அடிக்கு அடி கட்டை ஆடியது. வலத் தோள் கன்றிப் போனது. போகும்போது மச்சான்தான் அதைத் தூக்கினான், ஒரு சொல் சொல்லவில்லை! கொடுக்கும் முன் கடை பார்த்திருக்க வேண்டும். இது பெரிய குறை.

கனூ ஏரியில் தென்மேற்குக் காற்று முகத்தில் அடித்தது. 1917இல் ஓவியர் ரொம் தொம்சன் இறந்தது இந்த ஏரியில்தான். அவருடைய நினைவுக் கல் இருக்கும் கரையைக் கடந்தபோது ஒருவரும் கதைக்கவில்லை. நடு ஏரியை விட்டு, கரையோடு ஒட்டியே வலித்தோம். நாலு மணிக்குக் கொடுக்க வேண்டிய வள்ளம் கரை சேர ஐந்தே முக்கால்.

கடை இன்னும் பூட்டவில்லை. மேடையில் நின்ற பெண் வள்ளத்தின் முனையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "எல்லாரும் சுகமா?" என்றுதான். காற்றைத் தாங்களும் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். தாமதத்துக்குக் காசு கேட்கவில்லை. திருகாணியைக் காட்டியதும் மன்னிப்புக் கேட்டு, வள்ளத்தில் சிவப்பு ரேப் ஒட்டி ஒதுக்கி வைத்தார்கள். அந்த வள்ளத்தின் ஒரு நாள் வாடகையும் திரும்பி வந்தது.

அடுத்த வருடமும் அங்கேதான் எடுப்போம். நீங்கள் எந்தக் கடையில் எடுத்தாலும் சரி, தண்ணீரில் இறக்கும் முன் அந்தக் குறுக்குக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.