அரசுப் பள்ளியா, வீட்டுக்கல்வியா? இரண்டையும் பார்த்த ஒரு அம்மாவின் கணக்கு

என் மகள் மூன்றாம் வகுப்பு முடித்ததும் அரசுப் பள்ளியிலிருந்து அவளை எடுத்துவிட்டு, இரண்டு வருடம் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தேன். ஆறாம் வகுப்புக்குத் திரும்பவும் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். எடுத்ததிலும் வருத்தமில்லை, சேர்த்ததிலும் வருத்தமில்லை. அதனாலோ என்னவோ, பள்ளியை விட்டு வரலாமா என்று யோசிக்கிற பெற்றோர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள், எது நல்லது என்று. நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எதனால் வெளியே எடுக்க நினைக்கிறீர்கள்? ஒரே வரியில் சொல்ல முடிகிறதா?

என்னால் சொல்ல முடிந்தது. அவளுக்கு வாசிப்பு மெதுவாக வந்தது. பெரிய வகுப்பில் அவளுக்காக யாரும் காத்திருக்க முடியவில்லை. இந்தக் காரணம் தெளிவாக இருந்ததால்தான் இரண்டு வருடம் கழித்து அது தீர்ந்துவிட்டதா என்று பார்க்கவும் முடிந்தது.

முதலில் பாடம். இதில் வீட்டுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. ஒரு நாள் மகள் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகளை வெட்டி, ஒன்றைப் பாதியாகவும் இன்னொன்றை ஐந்தாகவும் மடிக்கச் சொன்னேன். ஐந்தில் இரண்டு பாகத்தைப் பாதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அம்மா, பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படிம்மா பாதியை விடக் குறையும்?" என்று அவளே கேட்டாள். அன்று வேறு பாடமே நடக்கவில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியரால் ஒரு பிள்ளையின் ஒரு தவறுக்காக முழு நாளையும் கொடுக்க முடியாது. அது அவர் குற்றமும் இல்லை.

தனியாகச் சொல்லிக் கொடுப்பதன் பலத்துக்கு எல்லோரும் காட்டும் சான்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-ல் எழுதிய கட்டுரை. தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டினார் என்றார் அவர். ஆனால் அங்கே சொல்லிக் கொடுத்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். ஒரு பகுதி நன்றாகப் பிடிபட்ட பிறகே அடுத்ததற்குப் போனார்கள். பின்னால் வந்த ஆய்வுகளிலும் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. வீட்டில் படித்த பிள்ளைகள் அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று வரும் கணக்குகளையும் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். அவற்றில் பல, தாமாக முன்வந்து தேர்வெழுதிய குடும்பங்களை வைத்து எடுத்தவை. நன்றாகப் படிக்கிற பிள்ளையின் பெற்றோர்தானே முன்வருவார்கள்?

எனக்கு வாசிப்பும் கணக்கும் கை கொடுத்தன. அறிவியல் சோதனை, விளையாட்டு, இசை எல்லாம் தடுமாற்றம்தான். பள்ளி இங்கே சுலபமாக ஜெயிக்கும்.

அடுத்தது நேரம். என் பார்வையில் முடிவை நிர்ணயிப்பது இதுதான். எங்கள் வீட்டில் பாடம் தினமும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போனதில்லை. பள்ளியின் ஆறு மணி நேர வேலையை இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டோமே என்று முதல் மாதம் பூரித்துப் போனேன். அப்புறம்தான் மீதி நேரமும் என் கணக்கில்தான் ஓடுகிறது என்று புரிந்தது. அவள் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டு தோட்டத்தில் இருந்தாலும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். நான் வேலையைப் பாதி நேரமாக்கிக்கொண்டேன், சம்பளமும் பாதியானது. இரவில் மறுநாள் பாடத்தைத் தயார் செய்ய ஒரு மணி நேரம் தனி. பள்ளியில் பாடம் நடக்கிறது, அதோடு பெற்றோர் சம்பாதிக்கப் போகும் நேரத்தில் பிள்ளை பத்திரமாகவும் இருக்கிறது. பல வீடுகளுக்கு இந்த இரண்டாவதுதான் உயிர்நாடி. வீட்டில் நிற்கப் போகும் அந்தப் பெரியவர் பெரும்பாலும் அம்மாதான் என்பதையும் முடிவெடுக்கும் முன்பே கணவன் மனைவி உட்கார்ந்து வாய்விட்டுப் பேசிவிட வேண்டும்.

பணத்தில் சேராத செலவு ஒன்றும் இருக்கிறது. ஒரு மழைநாளில் எழுத்துப்பிழைக்காக மூன்றாவது முறை குரலை உயர்த்தினேன். மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப நீ அம்மாவா, மிஸ்ஸா?" என்று கேட்டாள். பள்ளியில் திட்டு வாங்கினால் வீட்டுக்கு ஓடி வந்து மடியில் படுத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே திட்டு வாங்கினால் எங்கே போவாள்? அன்றிலிருந்து எழுத்துப்பாடத்தை அவள் சித்தி போனில் பார்த்துக்கொண்டாள்.

பழகத் தெரியாமல் வளர்ந்துவிடுவார்களே என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் அவ்வளவாக இல்லை. நண்பர்களை மாலையில் விளையாட விட்டாலே பிடித்துவிடுவார்கள். பள்ளி தருவது வேறு: நாம் தேர்ந்தெடுக்காத பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பழக்கம். நம்மைப் போன்ற வீடுகளாகப் பார்த்து நாமே சேர்க்கும் வட்டத்தில் அது வராது. அரசுப் பள்ளியின் மீது எனக்கு இருக்கும் மரியாதைக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதைவிட நான் யோசிக்காமல் விட்டது, பிள்ளையைக் கவனிக்க வெளியாளின் இன்னொரு கண். மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே வகுப்பாசிரியர் என்னை அழைத்தார். "கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறாள், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறாள்" என்றார். கிட்டப்பார்வை. எப்போதிலிருந்து இருந்ததோ! வீட்டில் புத்தகம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, எனக்குத் தெரியவே இல்லை. என் பிள்ளையை என்னைவிட யாருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தவள் நான். வீட்டில் படிக்க வைப்பவர்கள் கண், காது, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றுக்கும் வருடம் ஒருமுறையாவது வெளியாள் பார்க்கும்படி செய்துகொள்வது நல்லது.

சட்டத்தை முதலிலேயே பார்த்துவிட வேண்டும், நாட்டுக்கு நாடு அது அடியோடு மாறுகிறது. ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு அநேகமாக இடமே இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-லும் 2019-லும் அந்த அரசின் பக்கமே நின்றது. சுவீடன் 2010-ல் கொண்டுவந்த சட்டத்தில் விதிவிலக்கான சூழலில் மட்டும் அனுமதி. பிரான்சில் 2022 கல்வியாண்டு முதல் தகவல் தெரிவித்தால் போதாது, முன் அனுமதி வாங்க வேண்டும். இங்கிலாந்தின் 1996 கல்விச் சட்டம் பள்ளியிலோ வேறு வழியிலோ கல்வி தரும் கடமையைப் பெற்றோரிடம் வைக்கிறது. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் அனுமதி உண்டு, ஆனால் நியூயார்க்கில் காலாண்டு அறிக்கை தர வேண்டும், டெக்சாஸில் அரசிடம் பதிவுகூட வேண்டாம். இந்தியாவில் பள்ளிக்குப் போகாமலே தேர்வெழுத வழி தரும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது ஆகியிருக்க வேண்டும். சான்றிதழுக்கான வழி தெரியாமல் பள்ளியை விடக் கூடாது.

சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளை என்றால் இன்னும் நிதானம் வேண்டும். பேச்சுப் பயிற்சி போன்ற இலவச உதவிகள் பல இடங்களில் அரசுப் பள்ளியோடு கட்டப்பட்டிருக்கின்றன. வெளியே வந்தால் அவை கைவிட்டுப் போகலாம். அதே சமயம், பிள்ளை தினமும் அடியும் அவமானமும் வாங்கி, பள்ளி அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றால் நான் ஒரு வாரம்கூடக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். எடுத்துவிடுங்கள். வேறு பள்ளியா வீடா என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

கொரோனா காலத்தில் வீட்டில் படித்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பெரும்பாலும் நம் வீடுகளில் அப்போது நடந்தது திரை வழியே வந்த பள்ளிதான். 2020-ல் அமெரிக்கக் கணக்கெடுப்பில் பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் வீட்டுக்கல்வியில் இருந்தவை வசந்த காலத்தில் சுமார் 5 சதவீதம், இலையுதிர் காலத்தில் சுமார் 11. அவசரத்தில் எடுத்த முடிவுகள் அவற்றில் நிறைய இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவசரமில்லாதவர்களுக்கு நான் சொல்வது, பெரிய விடுமுறையில் நான்கு வாரம் நிஜமாக நடத்திப் பாருங்கள். யார் வேலையை விடுகிறார்களோ அவரே சொல்லிக் கொடுக்கட்டும். மூன்றாவது வாரம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள், முதல் வாரம் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். எடுத்துவிட்டால், கணக்கிலும் மொழியிலும் பிள்ளையின் வயதுக்கேற்ற வகுப்பின் பாடப்புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். மற்றதில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் அலையட்டும். மகள் ஆறாம் வகுப்பில் தடுமாறாமல் உட்கார்ந்தது அந்த இரண்டு புத்தகங்களால்தான்.