பெரிய பிரேமுக்கு மாறிய பழைய கியர் சைக்கிள்: ஒன்றரை ஆண்டு ஓட்டியபின்

என் உயரம் 183 சென்டிமீட்டர். எட்டு ஆண்டுகளுக்கு முன் மலைப்பாதை சைக்கிள் வாங்கப் போனபோது கடையில் நின்றது 17 அங்குல பிரேம் ஒன்றுதான். பெரிய அளவு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். சீட்டை ஏற்றிக்கொண்டால் போதும் என்றும் சொன்னார்கள். அதை நான் நம்பினேன் என்பதைவிட, அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேரும் ஆசை என்னை நம்ப வைத்தது என்பதே சரி.

சீட் தண்டில் ‘இதற்கு மேல் இழுக்காதே’ என்பதற்காக ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும்படியே ஆறு ஆண்டுகள் ஓட்டினேன். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரம், நாகமலைச் சரிவு, ஞாயிறுகளில் அழகர்கோயில் சாலை. ஒருநாள் சைக்கிளைக் கழுவும்போது சீட் குழாயின் பின்புறம் மயிரிழை போல ஒரு கோடு கண்ணில் பட்டது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். நகம் அதில் மாட்டிக்கொண்டது.

பிரேமைச் செய்தவர்கள் மேல் குற்றமில்லை. தண்டு போதிய ஆழம் இறங்காவிட்டால் ஆளின் மொத்தப் பாரத்தையும் குழாயின் மேல்விளிம்பு ஒன்றே தாங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் கடப்பாரை போட்டு நெம்புவது போலத்தான். அலுமினியம் சோர்ந்துபோனால் வளைந்து காட்டாது, விரிசல் விடும்.

அதே தரத்தில் புதுச் சைக்கிளுக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். சக்கரங்கள், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), பிரேக், கியர் எல்லாம் என் வண்டியில் நன்றாகவே இருந்தன. கோயம்புத்தூரில் ஒருவர் 20 அங்குல அலுமினிய பிரேமை 4,500 ரூபாய்க்குக் கொடுத்தார். மொத்தம் ஆறாயிரத்தில் முடித்துவிடலாம் என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. என் மனைவி அதை எடுத்து வைத்திருக்கிறாள்.

வாங்குவதற்கு முன் தொலைபேசியில் மூன்று அளவு கேட்டேன். சக்கரம் 27.5 அங்குலம்தானா? ஆம். பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) உட்காரும் இடைவெளி 135 மில்லிமீட்டர்தானா? ஆம். டிஸ்க் பிரேக் பூட்ட இடம் இருக்கிறதா? இருக்கிறது. இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். கேட்காமல் விட்டவை பி.பி. (பாட்டம் பிராக்கெட், கிராங்க் சுழலும் அச்சும் பேரிங்கும்) குழாயின் அகலம், சீட் குழாயின் உள்விட்டம், முன்கழுத்துக் குழாயின் நீளம். இந்த மூன்றும்தான் பிறகு பணமாகக் கேட்டன.

கழுத்தில் ஆரம்பிக்கிறேன், பெரிய செலவு அங்கேதான். பெரிய பிரேம் என்றால் கழுத்துக் குழாயும் நீளம். பழையதில் 110 மில்லிமீட்டர், புதியதில் 145. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் ஸ்டியரர் குழாய் கீழிருந்து கழுத்தைக் கடந்து, கழுத்தின் பேரிங்கான ஹெட்செட்டைக் கடந்து, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெமுக்குள் முழுதாக ஏற வேண்டும். என் ஃபோர்க்கை முதல் நாளே கடையில் பழைய பிரேமுக்கு ஏற்ப அறுத்திருந்தார்கள். மிஞ்சியது 189 மில்லிமீட்டர். புதிய பிரேமுக்குக் கழுத்து 145, ஹெட்செட்டின் மேலும் கீழும் சேர்ந்து 12, ஸ்டெம் 40. மூடியை இறுக்க இடம் விட்டு 3 கழித்தால் 194 வேண்டும். ஸ்பேசர் (ஸ்டெமுக்குக் கீழே போடும் வளையம்) ஒன்றுகூடப் போடாமலே 5 மில்லிமீட்டர் குறைகிறது.

அந்த 5 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன். ஸ்டெமின் மேல் போல்ட் காற்றைப் பிடித்தாலும் கீழ் போல்ட் பிடித்துக்கொள்ளும், பரவாயில்லை என்றார் ஒரு நண்பர். வெல்டிங் பட்டறைக்காரர் இன்னும் தாராளமானவர். இரும்புக் குழாய்தானே, ஒரு துண்டைச் சேர்த்துப் பற்ற வைத்தால் பத்து நிமிட வேலை, இருநூறு ரூபாய் என்றார். வீட்டுக் கேட்டுக்கு அவரிடமே வெல்டிங் வைத்திருக்கிறேன், நல்ல கைக்காரர். ஆனால் கேட் ஒடிந்தால் கேட்தான் விழும். இறக்கத்தில் ஸ்டியரர் ஒடிந்தால் கையில் ஹேண்டில்பார் மட்டும் மிஞ்சும். முகம் தரைக்குப் போகும். படிப்பவர் யாராவது இதே யோசனையில் இருந்தால் கைவிட்டுவிடுங்கள்.

கடைசியில் குழாய் அறுபடாத பழைய ஃபோர்க் ஒன்று, 100 மில்லிமீட்டர் இறங்கி ஏறுவது, 3,800 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்த முறை நானே ரம்பம் பிடித்தேன். 20 மில்லிமீட்டர் ஸ்பேசருக்கு இடம் விட்டு, மூன்று முறை அளந்து அறுத்தேன். அறுத்தால் ஒட்ட முடியாது என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த நடுக்கம் புரியும். ஹெட்செட் 850 ரூபாய். கப்புகளை அடித்து இறக்காமல், நீளமான மரைக் கம்பியும் பெரிய வாஷர்களும் வைத்து இரண்டு பக்கமும் நட்டை இறுக்கி இறக்கினார் எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடை அண்ணன்.

அவரிடம் கற்றுக்கொண்டது ஒன்றிரண்டல்ல. பி.பி. கழற்றும்போது நான் ஸ்பானர் மேல் ஏறி நிற்காத குறை. “தம்பி, செயின் பக்கம் இடது மரை. நீங்கள் இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்” என்றார். வலப்பக்கக் கப்பைக் கழற்ற எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்பதைப் படித்திருந்தேன். கைக்கு அது தெரியவில்லை. கழற்றிய பி.பி. 68 மில்லிமீட்டர் அகலத்துக்கானது, புதிய பிரேமோ 73. புதிதாக வாங்கினேன், 650. அச்சின் நீளத்தை மட்டும் பழையதைப் போலவே 122.5 மில்லிமீட்டராகப் பார்த்து எடுத்தேன். அதனால் கிராங்கும் செயின் நேரும் மாறவில்லை.

சீட் தண்டு 27.2 மில்லிமீட்டர், புதிய குழாயின் உள்விட்டம் 31.6. தண்டு சிறியதாகவும் குழாய் பெரியதாகவும் இருந்தால் பிழைத்தோம், தலைகீழாக இருந்தால் வழியே இல்லை. லேத் பட்டறையில் இடைவெளியை அடைக்க அலுமினியத்தில் ஒரு புஷ் (உள்ளே செருகும் குழல்) கடைந்து, ஒரு பக்கம் நெடுக்காகக் கீறித் தந்தார்கள். 200 ரூபாய். நான் 80 மில்லிமீட்டர் நீளம் போதும் என்றேன். பட்டறைக்காரர் பிரேமைப் பார்த்துவிட்டு, மேல் பார் வந்து சேரும் இடத்துக்குக் கீழே இறங்கட்டும் என்று 110 ஆக்கினார். என் பழைய பிரேம் ஏன் விரிசல் விட்டது என்பதை ஒரு பார்வையில் அவர் கண்டுகொண்டார்.

அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்தது. முன் டீரெய்லரின் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) பிடி பழைய குழாயின் 31.8 மில்லிமீட்டரைப் பிடித்திருந்தது. புதிய குழாய் 34.9. இன்னொரு செலவு என்று கழற்றிப் பார்த்தால் பிடிக்குள் இரண்டு அரைவட்டத் தகடுகள். அவற்றை எடுத்துவிட்டதும் பொருந்திவிட்டது. அன்று மதியம் ஜிகர்தண்டா குடித்தேன்.

மாலைக்குள் அந்த இனிப்பு இறங்கிவிட்டது. புதிய பிரேமில் பின்சக்கரம் 15 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, பழைய செயின் எட்டவில்லை. எப்படியும் தேய்ந்திருந்தது என்று புதிய செயின் போட்டேன். தேய்ந்த கேசட்டில் (பின் பல்சக்கர அடுக்கு) புதிய செயின் நிற்குமா? மிதித்து ஏறும்போதெல்லாம் பல் தாண்டிக் குதித்தது. கேசட்டும் மாறியது. இரண்டும் சேர்ந்து 1,500. ஒயர்களும் ஐந்தாறு சென்டிமீட்டர் எட்டாமல் நின்றன, அதற்கு 450. பார்சலில் வந்தபோது பிரேமில் கியர் தொங்கும் காது வளைந்திருந்தது. அதை நிமிர்த்தக் காசு கொடுக்கவில்லை. பழைய கியர் சைக்கிளின் பின் ஆக்ஸிலும் அந்தக் காதின் துளையும் ஒரே 10 மில்லிமீட்டர் மரை. ஒரு பழைய பின்சக்கரத்தை அதில் திருகி, ஓடும் சக்கரத்தோடு இணையாக நிற்கிறதா என்று நாலு இடத்தில் அளந்து மெதுவாக வளைத்தோம்.

ஸ்டெம் 600, பார்சல் 350, அண்ணனின் கூலி 500 எல்லாம் சேர்த்து 13,400 ரூபாய். பழைய ஃபோர்க்கைச் சிறிய பிரேம் வைத்திருந்த ஒரு பையனுக்கு 1,500-க்குக் கொடுத்தேன். ஆக 11,900. ஆறாயிரம் என்று எழுதிய காகிதத்தை மனைவி எதற்கு வைத்திருக்கிறாள் என்று இப்போது புரிந்திருக்கும்.

இனி ஓட்டிய கதை. ஒன்றரை ஆண்டில் ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் போயிருக்கிறேன். பெரிய பிரேம் என்றால் சீட் உயரம் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். உண்மையில் மாறியது முன்னே எட்டும் தூரம். மேல் பார் நாலு சென்டிமீட்டர் கூடியது. அதற்காக ஸ்டெமை 100 மில்லிமீட்டரிலிருந்து 70-க்குக் குறைத்தேன். பழைய வண்டியில் முழங்கால் ஹேண்டில்பாரை இடிக்கும். முதுகைக் கூனிக்கொண்டு, உள்ளங்கையில் பாரத்தை ஏற்றி ஓட்டுவேன். மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்க் கரையில் இரண்டு மணி நேரம் போனால் சுண்டுவிரல் மரத்துவிடும். இப்போது மரப்பதில்லை. இறக்கத்தில் முன்சக்கரத்தின் மேல் கவிழ்ந்து கிடக்கும் உணர்வு போய்விட்டது. அரிட்டாபட்டி வரைக்கும் போய்வர முடிகிறது. 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. சைக்கிளை ஊருக்குள் நிறுத்திவிட்டு நடந்துதான் குன்றேற வேண்டும் என்பது என் பிடிவாதம்.

குறைகளும் உண்டு. கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் சடாரென்று திருப்ப முடியவில்லை, வண்டி நீளம். கால் ஊன்றி நிற்கும்போது பாருக்கும் எனக்கும் இரண்டு விரல் இடைவெளிதான். குட்லாடம்பட்டி அருகே ஓடைக் கல்லில் சறுக்கி இறங்கிய அன்று அந்த இரண்டு விரலும் போதவில்லை. அதற்கு மேல் விவரிக்க வேண்டாம். திருமங்கலத்துக் கரிசலில் மழைக்குப் பின் இறங்கினால் எந்த அளவு பிரேமானாலும் சக்கரத்தைச் சுற்றி மண் கொழுக்கட்டை பிடித்துவிடும். சீமைக்கருவேல முள்ளுக்கும் பிரேம் அளவு ஒரு பொருட்டல்ல.

ஆறாம் மாதம் சீட்டுக்குக் கீழே ‘கிரீச்’ தொடங்கியது. பி.பி.யைச் சந்தேகித்து ஒரு நாளை வீணாக்கினேன். குற்றவாளி புஷ். அதன் கீறலைக் குழாயின் பிளவோடு நேராக வைக்காமல் பூட்டியிருந்தேன். மணலும் உள்ளே போயிருந்தது. துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவி, இரண்டு கீறலையும் நேர் செய்ததும் நின்றது. அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்டை உருவிப் பார்க்கிறேன். ஹெட்செட்டை ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறை பிரித்துக் கிரீஸ் வைத்தேன். பி.பி.யில் இதுவரை ஆட்டமில்லை. ஃபோர்க்கின் எண்ணெய் சீல் மட்டும் கசிய ஆரம்பித்திருக்கிறது. பழையதை வாங்கியதற்கான வட்டி.

விரிசல் விட்ட பிரேமை இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள். பற்ற வைத்து ஓட்டிக்கொள்வார்களாம். கொடுக்கவில்லை. காயலான் கடைக்கு எடுத்துப் போகும் முன் மேல் பாரை நடுவில் ரம்பத்தால் அறுத்துவிட்டேன். முழுசாகப் போட்டிருந்தால் பெயின்ட் அடித்துக்கொண்டு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்குக் கீழே அது திரும்பி வந்திருக்கும். அறுத்த துண்டுகளைத் தராசில் வைத்தபோது இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைந்தது.