வட்டிக்கும் வயலுக்கும் இந்திய வரிப் படிவம்: திருச்சி அலுவலகம் ஒன்றைக் கிளிநொச்சியிலிருந்து பாவித்த அனுபவம்

இந்தியாவில் குடியிருந்துகொண்டு இலங்கையில் காணியோ வங்கிக் கணக்கோ வைத்திருப்பவர்களுக்கு இந்திய வருமான வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கிற சின்ன அலுவலகம் ஒன்று திருச்சி தில்லைநகர்ப் பக்கம் இருக்கிறது. ஒரு ஓடிட்டர், அவருக்குக் கீழே வேலை செய்யும் இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். வேலை சுத்தம். விலை நியாயம். ஆனால் இலங்கைக் கடதாசி எதுவும் அவர்களுக்கு விளங்காது. குறைகளையும் சேர்த்து எழுதுவதால் பெயரைப் போடவில்லை.

அக்கா 2014 இல் கல்யாணம் கட்டித் திருச்சிக்குப் போனார். இப்போது இந்தியப் பிரஜை. நான் கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். அம்மா 2025 மார்ச்சில் காலமானதும் பரந்தனுக்குக் கிட்ட உள்ள உறுதிக் காணியில் (பத்திரமுள்ள தனியார் காணி) பாதி அக்காவுக்கு வந்தது. அவர் கல்யாணத்துக்கு முந்தியே அம்மாவோடு சேர்ந்து திறந்த வைப்புக் கணக்கு ஒன்றும் இங்கே இருக்கிறது. வெளிநாட்டவருக்குக் காணி மாற்றக் கூடாது என்று 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது, ஆனால் பெற்றாரிடமிருந்து பிள்ளைக்கு மரபுரிமையாய் வருவதை அது தடுக்கவில்லை. இந்தியப் பக்கத்திலும், வெளிநாட்டில் இருந்தவரிடமிருந்து மரபுரிமையாக வந்த சொத்தை வைத்திருக்க அவர்களின் அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் கொடுக்கிறது. வைத்திருக்கலாம், சரி. ஆனால் ஒவ்வொரு வருடமும் வரிப் படிவத்தில் காட்ட வேண்டும்.

எங்களுக்குப் பயம் பிடித்தது வாட்ஸப்பில் வந்த ஒரு செய்தியால். 2026 ஆம் ஆண்டு இந்திய பட்ஜெட்டில் சிறிய வரி செலுத்துவோர் தங்கள் வெளிநாட்டுச் சொத்தை அறிவிக்க ஆறு மாதத் திட்டம் ஒன்று வந்தது. ஒரு கோடி ரூபாய் வரைக்கும் மறைத்த வருமானம் அல்லது சொத்து என்றால் 30 வீதம் வரி, அதற்கு மேல் இன்னொரு 30 வீதம். வரி கட்டிய பணத்திலோ, இந்தியாவில் குடியிருக்காத காலத்திலோ வாங்கி, படிவத்தில் மட்டும் காட்டாமல் விட்ட சொத்து 5 கோடி வரைக்கும் இருந்தால், ஒரு இலட்சம் ரூபாய் கட்டணத்தோடு விடுதலை. இதை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் அக்காவுக்குச் சிவப்பு எழுத்தில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது: கடைசிச் சந்தர்ப்பம், பத்து இலட்சம் அபராதம், ஏழு வருடம் சிறை. அவர்களின் கூலி தனி, அந்த ஒரு இலட்சம் தனி. பத்து இலட்சமும் ஏழு வருடமும் பொய் இல்லை, 2015 ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் இருக்கிறதுதான். அக்காவுக்கு நித்திரை போய்விட்டது. அத்தான் வேறு, "கணக்கை மூடிப் போட்டு வாங்கோ" என்று ஒரே பிடி. மூடினாலும் அந்த வருடத்துக்குக் காட்டத்தான் வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது?

திருச்சி ஓடிட்டர் முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டது கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பதைத்தான். பன்னிரண்டு இலட்சம் இலங்கை ரூபா, இந்தியக் காசில் மூன்றரை இலட்சம் அளவு. "அப்போ அந்த ஸ்கீம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்றார். பிறகு ஆறுதலாய் விளக்கினார். 2024 ஒக்டோபர் 1 இலிருந்து, காணி வீடு தவிர்ந்த வெளிநாட்டுச் சொத்தெல்லாம் கூட்டி 20 இலட்சம் இந்திய ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் அந்தப் பத்து இலட்ச அபராதம் இல்லை. அதற்கு முந்திய காலத்தில் வங்கிக் கணக்குக்கு 5 இலட்சம் வரைக்கும் விலக்கு இருந்தது, அக்காவின் பணம் அதற்கும் உள்ளேதான். 2026 பட்ஜெட் அதே 20 இலட்ச எல்லைக்குள் வழக்குத் தொடுப்பதையும் அதே திகதியிலிருந்து நிறுத்திவிட்டது. ஆகவே பழைய வருடங்களுக்காக ஒரு இலட்சம் கொண்டுபோய்க் கட்டுகிற ஆள் அக்கா இல்லை. காணி அம்மா இறந்த பிறகு வந்தது, அதை முதன்முதலாகக் காட்டுகிற வருடமே இதுதான்.

அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தால் ஓடிட்டருக்கும் நாலு காசு கூடக் கிடைத்திருக்கும். இந்த அலுவலகத்துக்கு நான் கொடுக்கிற நல்ல பெயரில் பாதி இதற்குத்தான்.

மற்றப் பாதி, இந்த 20 இலட்சத்தைப் பற்றி அவர் சேர்த்துச் சொன்ன இரண்டு விஷயங்களுக்கு. தமிழ்நாட்டில் சொந்தக்காரர் இருக்கிற வன்னி வீடுகளில் "இருபது இலட்சத்துக்குக் கீழே என்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்ற கதை ஓடுகிறது. அபராதம்தான் இல்லை, காட்டுகிற கடமை அப்படியே இருக்கிறது. மற்றது, அந்தச் சலுகைக்குள் காணி வராது. ஒரு ஏக்கர் வயல் என்றாலும், பற்றை மண்டிக் கிடக்கிற துண்டு என்றாலும், அது அசையாச் சொத்து, படிவத்தில் தனி அட்டவணை. சிறிய ஐ.டி.ஆர்-1 படிவத்தைப் பாவிக்கவும் முடியாது, ஐ.டி.ஆர்-2 க்குப் போக வேண்டும். இது பிரஜாவுரிமையைப் பார்த்து வருவதும் இல்லை, எத்தனை நாள் அங்கே இருந்தோம் என்பதைப் பார்த்து வருவது. இலங்கைக் கடவுச்சீட்டோடு வருடக்கணக்காகத் திருச்சியிலோ மண்டபம் முகாமிலோ இருந்து அங்கே வரிப் படிவம் போடுகிற எங்கள் ஆட்களும் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இந்திய வருமான வரித் திணைக்களமும் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டுக் கணக்கைக் காட்டாதவர்களுக்கு 2024 கடைசியில் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு 24,678 பேர் தங்கள் படிவங்களைத் திருப்பிப் பார்த்து, 29,208 கோடி ரூபாய்ச் சொத்தைக் காட்டினார்கள் என்று அவர்களே அறிவித்தார்கள். 2025 நவம்பரில் இரண்டாம் சுற்றும் தொடங்கியது.

இனி வேலை நடந்த விதம். வங்கி தருகிற வட்டிக் கடிதத்துக்குத்தான் நான் அலைந்தேன். இந்தியப் படிவத்தில் வருமானத்தைக் காட்டுவது ஏப்ரல் தொடக்கம் மார்ச் வரைக்கு. அது எங்கள் வரி வருடத்தோடு ஒத்துப் போகிறது, பிரச்சினை இல்லை. ஆனால் வெளிநாட்டுச் சொத்து அட்டவணைக்கு மட்டும் ஜனவரி தொடக்கம் டிசம்பர். அந்த வருடத்தில் கணக்கில் இருந்த ஆகக் கூடிய தொகை, டிசம்பர் 31 இல் இருந்த தொகை, கிடைத்த வட்டி என்று மூன்றும் வேண்டும். இதை அலுவலகம் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம். நான் ஏப்ரல்–மார்ச் கடிதத்தை வங்கியில் எடுத்து அனுப்பிய பிறகுதான் மற்றதைக் கேட்டார்கள். திரும்பவும் வங்கிக்குப் போய், திரும்பவும் வரிசையில் நின்று, திரும்பவும் முகாமையாளரின் கையெழுத்து. முகாமையாளர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது கடிதம் போனதும் அங்கே வேலை செய்யும் பிள்ளை குரல் பதிவு அனுப்பினாள்: "அக்கா, இதுல மார்ச் வரைக்கும் அஞ்சு பர்சென்ட் புடிச்சிருக்காங்க, அப்புறம் பத்து. பேங்க் தப்பு பண்ணிட்டாங்களா?" தப்பு இல்லை. இங்கே வட்டிக்குப் பிடிக்கிற நிறுத்திவைத்தல் வரி 2025 ஏப்ரல் 1 இலிருந்து 5 இலிருந்து 10 வீதம் ஆகிவிட்டது. அந்த அறிவித்தலைத் தேடி எடுத்து அனுப்பினேன். ஓடிட்டர் அதை வைத்துத்தான், இங்கே பிடித்த வரியை அங்கே கழிக்க 67 ஆம் இலக்கப் படிவம் போட்டார். இரண்டு நாட்டுக்கும் இடையில் 2013 இல் கையெழுத்தான இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் ஒரே வட்டிக்கு இரண்டு இடத்திலும் முழு வரி கட்டத் தேவையில்லை. இது எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தராத விஷயம்.

காணியில்தான் சிரிப்பு. "பட்டா காப்பி, சர்வே நம்பர், வில்லங்கம்" என்று இந்தியக் காணிக் கடதாசிகளின் பட்டியல் வந்தது. எங்கள் உறுதியில் சர்வே நம்பர் எங்கே? கிழக்கே வாய்க்கால், வடக்கே இன்னாரின் வயல், தெற்கே ஒழுங்கை என்று எல்லை எழுதியிருக்கும். மூல உறுதி 2009 இடப்பெயர்வில் போய்விட்டது, இருப்பது காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதி. அதைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் "கிளியரா இல்ல" என்று திருப்பினார்கள். அச்செழுத்து மங்கியது என் குற்றமா? கடைசியில் ஓடிட்டரே தலையிட்டு, அட்டவணைக்கு விலாசமும், உரிமையின் தன்மையும், வந்த திகதியும், போட்ட முதலும், வருமானமும் போதும் என்று பட்டியலைச் சுருக்கினார். அக்கா முதல் போடவில்லை, அம்மாவின் சீதனக் காணி அது, ஆகவே மரபுரிமை என்று எழுதி அம்மா இறந்த திகதியைப் போட்டார்கள். அவர் முதலிலேயே அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு கிழமை மிச்சம்.

வயல் வருமானத்தை நாங்கள் எல்லாருமே பிழையாகத்தான் நினைத்திருந்தோம். இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பது ஊருக்கே தெரியும். அத்தானும் அதையே சொன்னார். ஆனால் அந்த விலக்கு இந்தியாவுக்குள் இருக்கிற நிலத்துக்கு மட்டும். பரந்தன் வயலின் குத்தகை அங்கே வரிக்குரிய வருமானம். குத்தகைக்காரர் காசாகத் தருவதில்லை, வெட்டு முடிய மூடைக் கணக்கில் நெல் தருவார். அதற்கு என்ன விலை போடுவது? நாடு என்கிற நெல் இனத்துக்கு 2025 இல் அரசாங்கம் சொன்ன விலை கிலோ 120 ரூபா. வயலில் வந்து நிற்கிற வியாபாரி ஈரப்பதம் என்றும் பதர் என்றும் கழித்துத் தருகிற விலை வேறு. ஓடிட்டர் அரசு விலையைப் போடச் சொல்லவில்லை, விற்றுக் கையில் வந்த தொகையைத்தான் கேட்டார். நல்ல காலம், நான் சங்கத்தில் இருப்பதால் நிறுவைத் துண்டுகளை எறிவதில்லை. இரண்டு போகத்துக்கும் திகதியோடு அனுப்பினேன். பாரத ஸ்டேட் வங்கியின் மாற்று விலைப்படி இந்திய ரூபாய்க்கு மாற்றி, அக்காவின் பங்கை மட்டும் எடுத்தார்கள். வரி என்று கூடியது சொற்பம்.

சுங்கம் இவர்களின் வேலை இல்லை, ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், காசு வாங்கவில்லை. அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு அக்கா காங்கேசன்துறைக் கப்பலில் வந்து போக இருந்தார். இந்தியாவில் 2026 பெப்ரவரி 2 இலிருந்து புதிய பயணப் பொதி விதிகள். குடியிருப்பவர் திரும்பும்போது தீர்வையின்றிக் கொண்டுபோகும் பொருள் 50,000 இலிருந்து 75,000 ரூபாய் ஆகியிருக்கிறது. எங்களைப் போல வெளிநாட்டவர் சுற்றுலாவாய்ப் போனால் 15,000 இருந்த இடத்தில் 25,000. நகைக்குப் பழைய பெறுமதி உச்சவரம்பை எடுத்துவிட்டு, பெண்ணுக்கு 40 கிராம், மற்றவர்களுக்கு 20 கிராம் என்று நிறையை மட்டும் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு அம்மாவின் சங்கிலியைக் கொண்டுபோகலாம் என்று அக்கா நினைத்தார். அது ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு என்று ஓடிட்டர் சொன்னதும் சங்கிலி இங்கேயே நின்றுவிட்டது. அக்காவின் சொந்தத் தாலிக்கொடிக்குப் புறப்படும்போதே சுங்கத்தில் சான்றிதழ் எடுக்கச் சொன்னார். இலங்கையிலிருந்து போன ஒரு புதுமணப் பெண்ணின் 88 கிராம் தாலிக்கொடியைச் சென்னை விமான நிலையத்தில் பிடித்து, அது உயர் நீதிமன்றம் வரை போன கதை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அக்கா மறு பேச்சுப் பேசவில்லை.

கூலி 4,500 இந்திய ரூபாய். அக்கா ஜிபே இல் கட்டினார். ஜூலை 31 கெடுவுக்கு முதலே படிவம் போய்விட்டது, ஒப்புகைப் பிரதி எனக்கும் வந்தது. குறை என்று பார்த்தால், கேட்க வேண்டியதை ஒரே தடவையில் கேட்பதில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு யாரும் எடுக்க மாட்டார்கள். நிமிடக் கணக்கில் ஓடும் குரல் பதிவுகளில் ஒரு வரி விஷயம் இருக்கும், அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அடுத்த வருடமும் இவர்களிடம்தான். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, படிவ இலக்கங்களெல்லாம் மாறும் என்று அந்தப் பிள்ளை இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். உங்களில் யாராவது போவதானால் வங்கியில் ஒரே நாளில் இரண்டு கடிதமாகக் கேட்டு எடுங்கள்: ஜனவரி–டிசம்பர் ஒன்று, ஏப்ரல்–மார்ச் ஒன்று, இரண்டிலும் பிடித்த வரி தனியாகத் தெரிய வேண்டும். உறுதிப் பிரதியைக் கைபேசியில் பிடிக்காமல் கடையில் ஸ்கேன் செய்யுங்கள். பட்டா கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு ஓடிட்டரையே கதைக்கச் சொல்லுங்கள்.