ரேடானுக்குப் பூச்சு பூச வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. அதற்கு ஈடாக வீட்டில் இருப்பது முத்திரை குத்திய ஒரு சான்றிதழும், இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கும் ஒரு காற்றுச் சுத்திகரிப்பானும்தான். ஆய்வகத்தின் முடிவு இன்று காலை வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். புகார் கொடுக்கப் போவதால் நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. வீட்டில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளந்து சொல்வதும் அதைக் குறைத்துத் தருவதும் நாங்களே என்று விளம்பரம் செய்யும் ரகம். இவர்களிடம் சிக்காமல் தப்பிப்பது எப்படி என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ரேடான் புரளி அல்ல. அந்த நிறுவனத்தின் விற்பனையாளர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ரேடானைப் பற்றிச் சொன்னவற்றைப் பின்னால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அத்தனையும் உண்மை. மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் படிப்படியாகச் சிதையும் வழியில் ரேடியம் உண்டாகி, அதிலிருந்து பிறக்கும் வாயு இது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. தரை விரிசல்களிலும் குழாய்கள் நுழையும் இடுக்குகளிலும் புகுந்து, காற்றோட்டம் இல்லாத கீழ் அறைகளில் தேங்குகிறது. வாயுவைக்கூட மூச்சில் வெளியேற்றிவிடலாம். அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருள் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபாத் துகள்கள் என்ற கதிர்வீச்சை உமிழ்வதுதான் கேடு. புகைபிடிக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதற்கான காரணங்களில் முதலிடம் ரேடானுக்குத்தான். 1984-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இன்னும் மின் உற்பத்தியே தொடங்காத அணுமின் நிலையத்துக்குள் நுழைந்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளரைக் கண்டு கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அலறிய கதையையும் சொன்னார். கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதுவும் நடந்ததுதான்.

பிறகு எங்கள் நிலவறைக்குப் போய்க் கையடக்கமான கருவி ஒன்றை வைத்தார். பேச்சு முடிவதற்குள் எண் வந்துவிட்டது: ஒரு கன மீட்டருக்கு 410 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). உலக சுகாதார நிறுவனம் 100-க்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது, அது முடியாத இடத்திலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது என்றார். மாமனார் பல வருடம் புகைபிடித்தவர், கீழ் அறையில்தான் படுக்கிறார் என்று என் வாயிலிருந்து வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “புகைபிடிக்கிறவர்களுக்கு ரேடானால் வரும் ஆபத்து 25 மடங்கு மேடம்.” உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடும் கிட்டத்தட்ட அதுதான்.

இனி அந்த ஆளை நான் நம்பிய இடத்துக்கு வருகிறேன். இதைக் கவனமாகப் படியுங்கள்.

“இதற்குத் தரையைத் துளைத்து, குழாய் இறக்கி, விசிறி வைத்து, மண்ணுக்குள் இருக்கும் காற்றைக் கூரைக்கு மேலே வெளியேற்றும் முறை ஒன்று இருக்கிறது. நாங்களும் செய்கிறோம். செலவு அதிகம். உங்கள் வீட்டுக்கு அது தேவையே இல்லை மேடம், எதற்கு வீண் செலவு?” என்றார். விலை உயர்ந்த சரக்கை வேண்டாம் என்று தானாகவே தள்ளிவைக்கும் விற்பனையாளரை யார்தான் சந்தேகிப்பார்கள்? என் கணவர் பொதுவாக எதையும் எளிதில் நம்பாதவர். அவரே, “நியாயமான மனிதராகத் தெரிகிறார்” என்றார். தரைக்கும் சுவருக்கும் ‘ரேடான் தடுப்புப் பூச்சு’, அறைக்கு ஒரு ‘ரேடான் வடிகட்டி’ என்று பேசி முடித்து, இரண்டு மாதச் சம்பளத்தை முழுதாக முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

பூச்சு வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. நெடி போகட்டும் என்று அவர்களே எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்தார்கள். திறந்த சன்னலுக்குப் பக்கத்திலேயே அதே கருவியை வைத்து, 60 பெக்கரல் என்று எழுதிச் சான்றிதழ் தந்துவிட்டுப் போனார்கள். அடேயப்பா, என்ன அழகான முத்திரை!

வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் பொறியாளர். நிலவறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “குழாய் எங்கே?” என்று மட்டும் கேட்டார். அவர் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. வீட்டுக்குள் காற்றழுத்தம் மண்ணுக்குள் இருப்பதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். வீடே மண்ணிலிருந்து வாயுவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஒரு விரிசலை அடைத்தால் அது வேறு வழி தேடும். பூச்சும் அடைப்பும் குழாய்க்கும் விசிறிக்கும் துணை வேலைகள், தனியாக அவற்றை நம்ப முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் வெறும் அடைப்பைப் பரிந்துரைப்பதில்லை. வடிகட்டி என்று விற்றார்களே, அது தூசியையும் தூசியில் ஒட்டிய துகள்களையும் பிடிக்கலாம். ரேடான் ஒரு மந்த வாயு, எதனோடும் எளிதில் ஒட்டாது, வினைபுரியாது. சல்லடையில் ஊற்றிய தண்ணீர்போல நழுவிப் போய் மறுபடியும் அறைக்குள் சிதைந்துகொண்டிருக்கும். தேவையில்லை என்று அந்த ஆள் தள்ளிவைத்தது எதுவோ, அதுதான் மருந்து.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றிலிருந்து ஆல்ஃபாத் துகள்களின் தடம் பதிந்து ரேடானைக் காட்டும் சிறு குப்பியை வாங்கி, கீழ் அறையில் மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருந்து அனுப்பினோம். பூச்சு, வடிகட்டி எல்லாம் இருந்தும் சராசரி 340. இதற்கா இரண்டு மாதச் சம்பளம்?

உடனே அந்த ஆளை அழைத்தேன். “பருவத்துக்குப் பருவம் அளவு மாறும் மேடம்.” மாறும்தான். அதனால்தானே மூன்று மாதம் வைத்தோம், உங்களைப்போலக் கால் மணி நேரம் அல்லவே? “குப்பியைத் தவறான இடத்தில் வைத்திருப்பீர்கள்.” ஆய்வகத்தின் குறிப்புப்படி சன்னலையும் வெளிச்சுவரையும் விட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயரத்தில் வைத்திருந்தோம். அதற்குப் பிறகு அவருடைய எண் அணைந்துவிட்டது. அலுவலகத்தை அழைத்தால், அவர் இப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை என்றார்கள். உத்தரவாதத்தை நினைவூட்டினேன். “பூச்சு உரிந்திருக்கிறதா? இயந்திரம் ஓடுகிறதா? உத்தரவாதம் அவற்றுக்குத்தான். ரேடான் அளவுக்கு உத்தரவாதம் என்று எங்காவது எழுதியிருக்கிறோமா?” என்றாள் ஒரு பெண். இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருந்த பிறகு மேலாளர் வந்தார். அவர் சொன்னதைத்தான் இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை: “வேண்டுமென்றால் குழாயும் விசிறியும் பொருத்தித் தருகிறோம். பழைய வாடிக்கையாளர் என்பதால் தள்ளுபடி உண்டு.”

இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடுங்கியவர்கள் தள்ளுபடி தருகிறார்களாம்! போன பணத்தைக்கூட விடுங்கள். 60 என்ற பொய் எண்ணை நம்பி, பல வருடம் புகைபிடித்த ஒரு மனிதரை இத்தனை மாதம் அந்த அறையில் தூங்கவிட்டோமே, அதற்கு என்ன தள்ளுபடி? இன்று மதியமே அவருடைய கட்டிலை மாடிக்கு மாற்றிவிட்டோம்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். கோபத்தில் கோர்வையாக வரவில்லை, நினைவுக்கு வருவதைச் சொல்லிவிடுகிறேன். அளப்பவரும் சரிசெய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கால் மணி நேரத்தில் எண் சொல்கிறவரை அப்படியே வாசலோடு அனுப்பிவிடுங்கள். குறுகிய காலச் சோதனைக்கே குறைந்தது இரண்டு நாள் வேண்டும்; தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பே சன்னல்களைச் சாத்தி, முடியும்வரை சாத்தியே வைக்க வேண்டும். கரியில் ரேடானைப் பிடித்து அளக்கும் கரிக் குப்பி என்றால் முடிந்ததும் உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், ரேடானின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 3.8 நாள்தான். விசிறி வைத்தால் குழாயில் ஆங்கில ‘யூ’ வடிவ அளவி இருக்க வேண்டும். அதில் திரவம் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் விசிறி இழுக்கவில்லை என்று அர்த்தம். எந்த அளவுக்குக் குறைத்துத் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே யாராவது இப்படிப் பூச்சு பூசிச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால், அந்தத் தாளை ஓரமாகப் போட்டுவிட்டு, வேறு ஆய்வகத்தின் குப்பி ஒன்றை வாங்கி, ஆள் படுக்கும் அறையில் இந்த வாரமே வையுங்கள்.